ரெக்கார்டர் பெட்டியும் தென்கிழக்கு வானமும்

தருமபுரி நான்கு ரோட்டிலிருந்து பிரியும் எந்தத் தெருவுக்குள் நுழைந்து மாடிகளை அண்ணாந்து பார்த்தாலும், டிஷ்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பக்கம் முகம் காட்டி நிற்பதைக் காணலாம். சில தெற்கு சார்ந்திருக்கும், சில கிழக்கு சார்ந்திருக்கும். வடக்கு நோக்கி மட்டும் ஒன்றும் இருக்க முடியாது.

டிவி செயற்கைக்கோள்கள் எல்லாம் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அந்த உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 23 மணி 56 நிமிடம். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளவும் அதே நேரம்தான் ஆகிறது. இரண்டும் ஒத்துப்போவதால் செயற்கைக்கோள் நம் வானத்தில் அசையாமல் நிற்பதுபோல் தோன்றுகிறது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகைக்குச் சற்று மேலே இருக்கின்றன. ஆகவே எல்லாச் செயற்கைக்கோள்களும் நமக்குத் தெற்கே. நம் தீர்க்கரேகை 78 பாகை. வீட்டு டிஷ்ஷுக்கே நேராக ஒளிபரப்பும் இந்திய டிடிஎச் சேவைகளின் செயற்கைக்கோள்களோ 83 பாகையில் தொடங்கி 108 பாகை வரை நிற்கின்றன; ஆகவே எல்லாமே நமக்குக் கிழக்கே. இரண்டையும் சேர்த்தால் தென்கிழக்கு.

டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துவைக்கும் பெட்டியான ரெக்கார்டரை வீட்டில் நாமே பொருத்த நினைத்தால் வேலை அந்தத் தென்கிழக்கு வானத்தில்தான் தொடங்குகிறது. பெட்டியில் கேபிளைச் செருகுவது எவராலும் முடியும். டிஷ்ஷின் திசை ஒரு பாகை விலகியிருந்தால், நேரலையாகப் பார்ப்பவர் படம் சிதறும் போதெல்லாம் அலுத்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார். ரெக்கார்டர் இயங்குவதோ யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில். பட்டுப்புழு ஓயாமல் தழை தின்னும் ஐந்தாம் பருவத்தில் இருக்கும்போது மல்பெரி தழை போடுவதை விட்டுவிட்டு யாரும் டிவி முன் உட்கார மாட்டார்கள்; அவர்களுக்காகத்தான் பதிவு வசதியே. அவர்கள் இரவில் வந்து பார்க்கும்போது பாதிப் படம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தால், அதை மீட்க வழியே இல்லை. பார்ப்பதற்குப் போதுமான டிஷ், பதிவு செய்வதற்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து.

இனி அளவுகள். டிடி ஃப்ரீ டிஷ், சன் டைரக்ட் ஆகியவற்றின் சேனல்கள் வரும் ஜிசாட்-15 இருப்பது கிழக்கு 93.5 பாகையில். தருமபுரியிலிருந்து பார்த்தால் அது வடக்கிலிருந்து வலமாக 127 பாகைத் திசையில், தொடுவானத்திலிருந்து 67 பாகை உயரத்தில் இருக்கும். டாடா ப்ளே பயன்படுத்தும் 83 பாகை இடம் இன்னும் உச்சிக்கு அருகே: திசை 158, உயரம் 75. ஏர்டெல் சேவைக்குரிய 108.2 பாகை இடத்துக்குத் திசை 110, உயரம் 52. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் ஓரிரு பாகை வித்தியாசம் வரலாம். தொடங்குவதற்கு இந்த எண்களே போதும்.

இந்த உயரம் நமக்குக் கிடைத்த கொடை. லண்டனில் கிழக்கு 28.2 பாகைச் செயற்கைக்கோளைப் பிடிக்க டிஷ் சுமார் 25 பாகைதான் மேலே பார்க்கிறது; எதிர்வீட்டுக் கூரையே மறைத்துவிடும். நமக்கு அப்படியில்லை. உங்கள் டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயர்ந்து நிற்கும் தென்னையாக இருந்தாலும், அது நாலரை மீட்டருக்கு அப்பால் இருந்தால் 93.5 பாகைச் சிக்னலைத் தொடாது. வத்தல்மலை, சித்தேரி போன்ற மலையூர்களில்கூட மலைச்சரிவு மறைப்பது அரிது. கேபிள் டிவி இழுக்க முடியாத இடங்களில் டிஷ் எளிதாக வேரூன்றியதற்கு இந்த வடிவகணிதமும் ஒரு காரணம்.

டிஷ்ஷைப் பார்த்தால் அது 67 பாகை நிமிர்ந்திருப்பதுபோல் தெரியாது. வீட்டு டிஷ்கள் ஒரு பெரிய பரவளையக் கிண்ணத்தின் ஓரத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு போன்ற வடிவம் கொண்டவை. வெட்டு ஓரமாக இருப்பதால், அலைகள் குவியும் இடத்தில் அமர்ந்து அவற்றை வாங்கும் எல்என்பி என்ற சிறு கருவி, வரும் அலைகளை மறைக்காமல் கீழே ஒதுங்கி நிற்கிறது. அதன் விளைவாக டிஷ்ஷின் முகம், அது உண்மையில் பார்க்கும் திசையைவிடச் சுமார் 25 பாகை தாழ்ந்து காணப்படும். முகம் 42 பாகை நிமிர்ந்திருந்தால் அது பார்ப்பது 67 பாகையை. பின்புறத் தாங்கியில் அச்சிட்ட அளவுகோல் பெரும்பாலும் இந்தக் கழித்தலைச் செய்தே தரப்பட்டிருக்கும். அதில் 67ஐ வைத்தால் போதும். தனியாகக் கோணமானி வைத்து முகத்தை அளப்பவர்கள்தான் ஏமாறுவார்கள்.

அந்த அளவுகோல் உண்மை சொல்ல வேண்டுமானால் தாங்கும் குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். இதை மட்டும் பொறுமையாகச் செய்யுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமோ தூக்குக்குண்டோ போதும். குழாய் சாய்ந்திருந்தால், கிழக்கு மேற்காகத் திருப்பும்போதெல்லாம் உயரமும் சேர்ந்து மாறும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும். அரைநாள் இப்படியே போய்விடும். குழாய் நேராக நின்றுவிட்டால் உயரத்தை முதலில் இறுக்கிவிட்டு, திசையை மட்டும் மெல்லத் துழாவினால் போதும்.

திசைக்குக் கைப்பேசித் திசைகாட்டியை நம்புவது எல்லோருக்கும் வழக்கம். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இங்கே உள்ள வித்தியாசம் 2 பாகைக்குள்தான், அது தொல்லையில்லை. மொட்டை மாடித் தளத்துக்குள் இருக்கும் கம்பிகளும், பக்கத்துத் தகரக் கூரையும், குழாயும் முள்ளை இழுப்பதுதான் தொல்லை. நம்பத்தக்க வழிகாட்டி சூரியன். ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. 93.5 பாகைக்குத் தருமபுரியில் அந்த நாட்கள் மார்ச் 15ஐ ஒட்டியும் செப்டம்பர் 28ஐ ஒட்டியும் வருகின்றன. நேரம் முன்னதில் காலை ஏறக்குறைய 11.15, பின்னதில் 10.55. அப்போது தூக்குக்குண்டு நூலின் நிழல் விழும் கோட்டைத் தளத்தில் கீறி வைத்தால், நிழலின் நுனியிலிருந்து நூலை நோக்கிய திசையே டிஷ்ஷின் திசை. சூரியனை வெறும் கண்ணால் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

அதே நாட்களில் ஒரு தீங்கும் உண்டு. சூரியன் எல்லா அலைவரிசைகளிலும் இரைச்சலைக் கொட்டும் பொருள். அது டிஷ்ஷின் பார்வைக்குள் வரும் சில நிமிடங்கள் செயற்கைக்கோளின் சிக்னல் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். அந்த நாட்களில் முற்பகலில் பதிவு வைத்திருந்தால் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கும், பெட்டி பழுதில்லை.

சிக்னல் எவ்வளவு நலிந்தது என்பதைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். செயற்கைக்கோளிலிருந்து நம் மாடி வரை சுமார் 36,200 கிலோமீட்டர். அத்தனை தொலைவு பரவி வந்தபின், 60 சென்டிமீட்டர் டிஷ் ஒரு டிரான்ஸ்பாண்டரிலிருந்து (செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகளுள் ஒன்றிலிருந்து) திரட்டுவது, ஒரு வாட்டை இலட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் ஓரிரு பங்குதான். அலைநீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர். இந்த அலைநீளத்துக்கு 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் 3 பாகை அளவே. விளிம்பை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் பார்வை ஏறக்குறைய இரண்டு பாகை திரும்பிவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மணிக்கு 70 கிலோமீட்டர் காற்று இந்த டிஷ்ஷின் மீது ஏறக்குறைய 8 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தரும். ஆங்கர் போல்ட்டைக் கைப்பிடிச் சுவரின் பூச்சில் அடிக்காமல் கான்கிரீட்டிலோ கருங்கல் தூணிலோ அடிக்கச் சொல்வது இதனால்தான்.

துழாவும்போது டிவி திரையில் இரண்டு அளவுகள் தெரியும்: சிக்னல் வலிமை, சிக்னல் தரம். வலிமையை மறந்துவிடுங்கள். 91.5 பாகையிலும் 95 பாகையிலும் வேறு செயற்கைக்கோள்கள் நிற்கின்றன. அவற்றில் எதைப் பிடித்தாலும் வலிமை ஏறும். தரம் என்பது வந்த தகவலில் பிழை எவ்வளவு குறைவு என்ற கணக்கு. செயற்கைக்கோள் அனுப்பும் தகவலோடு காவல் பிட்டுகளும் சேர்ந்து வருகின்றன; மூன்று பிட் தகவலுக்கு ஒரு பிட் காவல் என்பது வழக்கமான விகிதங்களுள் ஒன்று. பிழை ஓர் எல்லைக்குள் இருக்கும்வரை பெட்டி அத்தனையையும் திருத்திவிடும். படம் மாசின்றி இருக்கும். எல்லையைக் கடந்ததும் திடீரென எல்லாம் நொறுங்கும். பழைய ஆன்டெனா காலத்துப் புள்ளி மழை போன்ற முன்னறிவிப்பு இங்கே கிடையாது. ஆகவே படம் தெரிந்ததும் கீழே இறங்கிவிடாதீர்கள். தரம் உச்சம் தொடும் இடத்தைத் தாண்டிப் போய், அது இறங்குவதைப் பார்த்து, மறுபக்கமும் அப்படியே பார்த்து, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். பிறகு எல்என்பியைப் பிடியில் மெல்லத் திருகி, தரம் மேலும் கூடுகிறதா என்று பாருங்கள். அலைகள் கிடையாகவும் நெடுக்காகவும் அதிரும் இரண்டு வகையாக வருகின்றன. எல்என்பி திரும்பியிருந்தால் ஒன்று மற்றொன்றில் கசியும்.

இப்படி மீதம் பிடித்துவைத்த தரமே மழையில் செலவாகிறது. மழைத்துளிகள் இந்த அலைகளை உறிஞ்சிச் சிதறடிக்கும். நம் சிக்னல் செங்குத்தாக இறங்குவதால் மழைக்குள் கடக்கும் தூரம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். மே மாத மாலை இடிமழை உங்கள் தலைக்கு மேல் இல்லாமல் தென்கிழக்கே 2 கிலோமீட்டருக்குள் கொட்டினாலும் படம் போகும். வடமேற்கே கொட்டினால் ஒன்றும் ஆகாது.

எல்என்பி செய்யும் முக்கிய வேலை அதிர்வெண்ணைக் குறைப்பது. 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலை சாதாரணக் கேபிளில் சில மீட்டரிலேயே தேய்ந்துவிடும்; ஆகவே எல்என்பி அதைப் பெருக்கி, 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வீச்சுக்கு இறக்கி, ஆர்ஜி-6 கேபிளில் அனுப்புகிறது. அதற்கான மின்சாரத்தை அதே கேபிள் வழியாகப் பெட்டி மேலே ஏற்றுகிறது. 13 வோல்ட் தந்தால் நெடுக்கலை, 18 வோல்ட் தந்தால் கிடையலை; கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை அனுப்பினால் மேல் அலைவரிசை.

ரெக்கார்டர் வாங்குவோர் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுதான். ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் ஒரே வோல்ட்தான் போகும். ஒரு சேனலைப் பதிவு செய்துகொண்டே வேறு அலைவகையில் வரும் இன்னொன்றைப் பார்க்க வேண்டுமானால், இரட்டை எல்என்பியும் இரண்டு கேபிளும், பெட்டிக்குள் வேண்டிய அலையைத் தேர்ந்து பிடிக்கும் டியூனர் இரண்டும் தேவை. கடையில் கிடைக்கும் சாதாரணப் பிரிப்பானைப் போட்டு ஒரு கேபிளை இரண்டாக்கினால் இரண்டு டியூனரும் ஆளுக்கொரு வோல்ட்டைக் கேட்டு ஒன்றையொன்று கெடுக்கும். ஒரு டியூனர் மட்டும் உள்ள பெட்டியில் ஒன்றைப் பதிவு செய்யும்போது வேறு சில சேனல்களை மட்டும் பார்க்க முடிவதற்கும் விளக்கம் உண்டு: ஒரே டிரான்ஸ்பாண்டரில் பல சேனல்கள் கட்டாக வருகின்றன. அந்தக் கட்டுக்குள் இருப்பவை எல்லாம் ஏற்கெனவே பெட்டிக்குள் வந்துவிட்டவை.

ரெக்கார்டர் படத்தைப் பதிவு செய்வதில்லை என்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் அழகு. செயற்கைக்கோளிலிருந்து வருவது 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களின் வரிசை. ஒவ்வொன்றின் தலைப்பிலும் அது எந்தச் சேனலின் படம், எந்தச் சேனலின் ஒலி என்று காட்டும் எண் இருக்கிறது. தபால் நிலையத்தில் உறையைப் பிரிக்காமல் முகவரியை மட்டும் பார்த்து அடுக்குவதுபோல, பெட்டி வேண்டிய எண்ணுள்ள பொட்டலங்களை மட்டும் ஹார்டு டிஸ்க்கில் அப்படியே எழுதுகிறது. படமாக விரிப்பது நாம் பார்க்கும்போதுதான். மீண்டும் சுருக்கும் வேலை இல்லாததால் பதிவின் தரம் நேரலைக்குச் சிறிதும் குறைவதில்லை. வராத பொட்டலம் வராததுதான் என்பது அதன் மறுபக்கம்.

இடக் கணக்கும் இதிலிருந்தே வருகிறது. ஒரு எச்டி சேனல் நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 3.6 ஜிபி, 500 ஜிபி டிஸ்க்கில் சுமார் 139 மணி நேரம். நேரலையை நிறுத்திவைத்துப் பிறகு தொடரும் வசதியும் இதே வழியில்தான் இயங்குகிறது. டிஸ்க்கில் ஒரு வளையம் ஒதுக்கி, எழுதும் முனை முன்னே ஓட, படிக்கும் முனை நாம் நிறுத்திய இடத்தில் காத்திருக்கிறது. டிவி ஓடும்வரை எழுதுவது நிற்காது என்பதால், இந்த வசதியைப் பென் டிரைவில் நாள்தோறும் பயன்படுத்தினால் அது சீக்கிரம் தேய்ந்துபோகும்.

முன்கூட்டிப் பதிவு வைக்க, பெட்டிக்கு நேரம் தெரிய வேண்டும். அதையும் செயற்கைக்கோளே தருகிறது. நிகழ்ச்சி அட்டவணையும் அந்தப் பொட்டல வரிசையில்தான் வருகிறது. நிகழ்ச்சிகள் அட்டவணைப்படி முடிவதில்லை என்பதால் பின்னால் ஒரு பத்து நிமிடம் கூட்டி வையுங்கள். சுவிட்ச்சை அணைத்துவிட்டு வெளியே போகாதீர்கள். பெட்டி விழித்திருந்தால்தான் பதிவு. இடிமழை நாட்களில் மட்டும் இது பொருந்தாது. அன்று கேபிளையும் மின்சாரத்தையும் கழற்றிவிடுவதே சரி. ஒரு நிகழ்ச்சி போனால் போகட்டும். மாடியிலிருந்து வரும் கேபிளைச் சுவர்த் துளைக்கு முன் ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு உள்ளே எடுங்கள். இல்லையென்றால் மழைநீர் கேபிளோடு ஓடி வீட்டுக்குள் வரும்.

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் இருந்தால் நல்லது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கடைசிச் சில நொடிகளோடு, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும் கெடக்கூடும். கட்டணச் சேவைப் பெட்டிகளின் பதிவுகள் மறையாக்கம் செய்தவை. டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியிலோ கணினியிலோ போட்டால் ஓடாது, சாவி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. மறையாக்கம் இல்லாத இலவசச் சேனல்களைப் பென் டிரைவில் பதிவு செய்யும் பெட்டிகள் பலவற்றின் கோப்புகளைக் கணினியிலும் பார்க்கலாம். பென் டிரைவ், கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகளுள் ஒன்றான ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எச்டி சேனலில் ஒரு மணி நேரத்தைச் சற்றுக் கடந்ததும் பதிவு துண்டாகவோ நின்றுபோகவோ செய்யும். உங்கள் பெட்டி என்டிஎஃப்எஸ் முறையை ஏற்குமானால், பயன்படுத்தத் தொடங்கும் முன்பே பென் டிரைவை அந்த முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; மாற்றும்போது அதில் உள்ளவை அழிந்துவிடும்.