மூச்சோடு ஆடும் கட்டியைப் படம்பிடிப்பது எப்படி?

"அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய்க் கட்டி. ஆரம்பத்திலேயே சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். பிறகு ஏன் கதிர்வீச்சு கொடுக்கும் ஒவ்வொரு நாளும் மறுபடி படம் எடுக்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதல் நாள் எடுத்த படம் முதல் நாள் உடலுக்குத்தான் பொருந்தும். சிகிச்சை வாரக்கணக்கில் நீள்கிறது. அதற்குள் உடல் இளைக்கலாம், கட்டி சுருங்கலாம். அதனால்தான் சிகிச்சை எந்திரத்தோடு இணைந்த சிறிய எக்ஸ்ரே கருவி தினமும் நோயாளியைச் சுற்றிவந்து படமெடுக்கிறது. அதை, சிகிச்சையைத் திட்டமிட முதலில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, மேசையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துகிறார்கள். இந்தப் படத்தால் சேரும் கதிர், அன்றைய சிகிச்சைக் கதிரில் சுமார் நூறில் ஒரு பங்குதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: வெளியிலிருந்து கதிர் பாய்ச்சப்பட்டவரின் உடலிலிருந்து கதிர் எதுவும் வீசாது. பேரக் குழந்தைகளை அவரிடமிருந்து தள்ளிவைப்பது கொடுமை. அதற்கு அறிவியலில் எந்த ஆதாரமும் இல்லை.

மில்லிமீட்டருக்கு ஏன் இவ்வளவு பாடு? 2 செ.மீ. ஆரமுள்ள ஓர் உருண்டைக் கட்டியை எடுத்துக்கொள்வோம். குறி தப்பிவிடுமோ என்று சுற்றிலும் 1 செ.மீ. சேர்த்துக் கதிர் பாய்ச்சினால், கதிர் படும் கன அளவு கட்டியைப் போல் ஏறத்தாழ 3.4 மடங்காகிவிடும். அந்த விளிம்பு 3 மி.மீ. என்றால் 1.5 மடங்குதான். இடையில் தப்பிப்பது அத்தனையும் நல்ல நுரையீரல்.

ஆனால் நுரையீரல் சும்மா இருப்பதில்லையே! நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை ஒட்டிய கட்டி, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் ஏறி இறங்கலாம். சாதாரண சி.டி. உடலைத் துண்டு துண்டாக எடுப்பதால், ஒரு துண்டு மூச்சை இழுக்கும்போதும் அடுத்தது விடும்போதும் பதிவாகிவிடும். ஒரே கட்டி இரண்டாக வெட்டுப்பட்டதுபோலத் தெரிவதும் உண்டு.

இதற்குக் கண்டுபிடித்த வழிதான், நேரத்தை நான்காவது பரிமாணமாகச் சேர்த்துக்கொள்ளும் நாற்பரிமாண சி.டி. எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது. நோயாளியின் வயிற்றின்மேல் ஒரு சிறு பெட்டியை வைக்கிறார்கள். அது ஏறி இறங்குவதை அகச்சிவப்புக் கேமரா பதிவுசெய்கிறது. ஸ்கேனர் ஒவ்வோர் இடத்திலும் ஒரு முழு மூச்சு முடியும்வரை நின்று, அடுத்தடுத்துப் படங்களை எடுத்துக் குவிக்கிறது. எல்லாம் முடிந்தபின், ஒவ்வொரு படமும் மூச்சின் எந்தக் கட்டத்தில் எடுக்கப்பட்டது என்று பார்த்து, வழக்கமாகப் பத்துக் கட்டுகளாகப் பிரிக்கிறது கணினி. 'மூச்சு முழுதாக உள்ளே இருந்தபோது' என்ற கட்டில், கழுத்திலிருந்து வயிறுவரை அந்த ஒரு கட்டத்துக்குரிய துண்டுகள் மட்டும் சேர்ந்து ஒரு முழு நெஞ்சாகின்றன. பல மூச்சுகளில் பொறுக்கியெடுத்த துண்டுகளால் ஒரே ஒரு மூச்சு உருவாகிறது! பத்துக் கட்டுகளையும் வரிசையாக ஓட்டினால், திரையில் கட்டி மேலும் கீழும் ஆடுவது தெளிவாகத் தெரியும்.

மூச்சு தாறுமாறானால் துண்டுகள் தவறான கட்டுக்குப் போய்விடும். "சீராக மூச்சு விடுங்கள்" என்று அப்பாவிடம் பலமுறை சொல்லியிருப்பார்கள், காரணம் இதுதான்.

இப்போது இன்னும் ஒரு படி மேலே போய், காந்தத்தைக் கொண்டு உடலுக்குள் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவியையும் கதிர் எந்திரத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள். 2017இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) காந்தத்துக்குள் முதல் நோயாளிக்குக் கதிர் கொடுக்கப்பட்டது. புதிய மருந்துகளுக்குக் கிடைக்கும் ஆராய்ச்சிப் பணமும் கவனமும் இத்தகைய இயற்பியல் வேலைக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த வகை எந்திரங்களில், கதிர் பாயும்போதே கட்டி திரையில் தெரிகிறது. வரைந்துவைத்த எல்லையைக் கட்டி தாண்டினால் கதிரைத் தானாகவே நிறுத்திவைத்து, அது திரும்பி வந்ததும் மறுபடி பாய்ச்சவும் முடிகிறது.