குழாய் போட்டும் அழுத்தம் ஏறுவது ஏன்?

கண்ணழுத்த நோயான கிளாகோமாவுக்குக் கண்ணில் குழாய் வைக்கப் போகிறார்கள் என்றதும், அடைத்த வாய்க்காலுக்குப் பக்கத்தில் புது வாய்க்கால் வெட்டுவதாக நினைக்கத் தோன்றும். அது பாதிதான் சரி.

கண்ணின் முன்பகுதியில் நிமிடத்துக்குச் சுமார் 2 மைக்ரோலிட்டர் திரவம் சுரந்து, ஓரத்திலுள்ள சல்லடை போன்ற திசு வழியாக வடிகிறது. (கண்ணீர் வேறு, இது வேறு.) வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடுகிறது. சொட்டு மருந்து, லேசர், வழக்கமான அறுவை (குழாயில்லாமல் கண்சுவரிலேயே வடிகால் திறப்பது) எல்லாம் கைவிடும்போது பெரும்பாலும் குழாயின் முறை வருகிறது.

மெல்லிய சிலிகோன் குழாயின் ஒரு முனை கண்ணுக்குள் இருக்கும். மறுமுனை, மேலிமைக்கு அடியில் வெண்விழியின் மேல் தைத்த ஒரு தகட்டில் முடியும். சில வாரங்களில் உடல் அந்தத் தகட்டை அந்நியப் பொருளாகப் பார்த்து, அதைச் சுற்றி நார்த்திசு உறை கட்டிவிடும். திரவம் அந்த உறைக்குள் தேங்கி, சுவர் வழியே கசிந்து உறிஞ்சப்படுகிறது. ஆக, கண்ணழுத்தம் எங்கே நிற்கும் என்பது பெரிதும் உறையின் தடிமன் கையில்தான். உறை உருவாகும்வரை திரவம் மொத்தமாக வடிந்து கண் தளர்ந்துவிடக் கூடாதே! அதற்காக அகமது என்ற குழாய் வகையில் வால்வு உண்டு. வால்வில்லாத பேர்வெல்ட் வகையில், கரையும் நூலால் குழாயைக் கட்டி வைக்கிறார்கள்.

ஒரே கருவி ஆளுக்கு ஆள் வேறு பலன் தருவது இதனால்தான். குழந்தைகளுக்கு இந்த உறை வேகமாகத் தடிக்கும். கண்ணுக்குள் அழற்சி உள்ளவர்களுக்குத் திரவச் சுரப்பே குறைந்து, அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். நீரிழிவால் புது ரத்தக் குழாய்கள் முளைத்த கண்தான் மிகச் சிக்கலானது. அழுத்தம் அடங்கினாலும், விழித்திரை ஏற்கெனவே கெட்டிருப்பதால் பார்வை போகலாம்.

முன்பே கண்புரை அறுவையோ தோற்றுப்போன கிளாகோமா அறுவையோ செய்துகொண்ட 212 பேரை வைத்து அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஓர் ஆய்வு நடந்தது. 5 ஆண்டுகளில் குழாய் சுமார் 30 சதவீதம் பேருக்கும், வழக்கமான அறுவை 47 சதவீதம் பேருக்கும் தோற்றது. இதில் வெற்றி என்றால் அழுத்தம் கட்டுக்குள் இருப்பது, அவ்வளவுதான். இழந்த பார்வை திரும்பாது.

குழாய் கருவிழியை உரசலாம், இரட்டைப் பார்வை வரலாம், குழாயை மூடிய கண்படலம் தேய்ந்து குழாய் வெளியே தெரிந்தால் கிருமி நுழையலாம். ஆனால் இரண்டாவது மாதத்தில் அழுத்தம் கொஞ்சம் ஏறினால் உடனே குழாய் அடைத்துவிட்டது என்று பதற வேண்டாம். அகமது வகையில் அடிக்கடி நடப்பதுதான் அது: உறை வீங்கித் தடித்திருக்கும் கட்டம். டாக்டர் சொட்டு மருந்தை மறுபடி ஆரம்பிப்பார். பலருக்கு அப்புறம் உறை மெலிந்து அழுத்தம் இறங்கும், சிலருக்குச் சொட்டு மருந்து தொடரும்.