எய்ட்ஸ் அனாதை: சொல்லும் பொருளும்

1980களில் உகாண்டாவின் ராக்காய் மாவட்டத்தில், விக்டோரியா ஏரிக்கரை ஊர்களில், பிள்ளை வளர்க்கும் வயதில் இருந்தவர்கள் எய்ட்ஸால் அடுத்தடுத்துச் செத்தார்கள். உடம்பு இளைத்து எலும்பாகிச் சாவதால் அந்த நோயை அங்கே 'ஸ்லிம்' என்றார்கள். அவர்களை இழந்து நின்ற பிள்ளைகளுக்கு உதவி அமைப்புகளும் செய்தித்தாள்களும் 'எய்ட்ஸ் ஆர்ஃபன்' என்று பெயர் வைத்தன. தமிழில் அது 'எய்ட்ஸ் அனாதை' ஆயிற்று.

ஆர்ஃபன் கிரேக்க வேர்ச்சொல். பெற்றோரை இழந்தவர் என்று பொருள். ஐ.நா. கணக்கில் 18 வயதுக்குள் தாய், தகப்பன் இருவரில் ஒருவரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்தாலே அந்தப் பிள்ளை ஆர்ஃபன்தான். (முன்பு 15 வயது வரை மட்டும் எண்ணினார்கள்.) 2000களின் தொடக்கத்தில், சகாராவுக்குத் தெற்கே மட்டும் இப்படி ஒரு கோடிக்கு மேல் பிள்ளைகள் இருந்தார்கள்.

அனாதை வேறு. வடமொழி 'அநாத', காப்பவர் இல்லாதவர். தமிழில் அது இன்னும் கடுமை: நாதியற்ற, கேட்க ஆளில்லாத பிள்ளை. ஆனால் அந்த ஒரு கோடிப் பேரில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். இருவரும் போன வீடுகளில் பாட்டிகள் வளர்த்தார்கள். சொந்தப் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு, தள்ளாத வயதில் நிலத்தைக் கொத்திப் பேரப்பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பெண்கள் அவர்கள். 'அனாதை' என்று எழுதினால் அந்தப் பாட்டிகள் இருந்ததே தெரியாமல் போகிறது. பாட்டியும் இல்லாத வீட்டில் மூத்த பெண்பிள்ளை பள்ளியை விட்டுவிட்டுத் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

சொல்லின் முன்பாதியிலும் கேடு இருக்கிறது. 'எய்ட்ஸ்' என்று ஒட்டியதும் பிள்ளைக்கே நோய் என்று ஊர் நினைத்துவிடுகிறது. உண்மையில், சிகிச்சையே இல்லாவிட்டாலும் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடுதான். சிகிச்சை கிடைத்தால் 5 விழுக்காட்டுக்கும் கீழ். அப்படியிருந்தும், தொற்றே இல்லாத பிள்ளைகளோடு மற்றவர்கள் சேரப் பயந்தார்கள். இந்தத் தொடரைத் தவிர்க்கச் சொல்லி ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பே தன் சொல்வழிகாட்டியில் எழுதியிருக்கிறது.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? 'எய்ட்ஸால் பெற்றோரை இழந்த பிள்ளைகள்' என்பதே பொருத்தம். ஒருவர்தான் இறந்திருந்தால் 'தாயை இழந்த', 'தகப்பனை இழந்த' என்று பிரித்தே சொல்லலாம். ஒரு தனிப் பிள்ளையைப் பற்றி எழுதும்போது நோயின் பெயரே வேண்டாம். பெற்றவர்கள் எதனால் இறந்தார்கள் என்பதை அந்தப் பிள்ளையின் பெயரோடு ஒட்ட வேண்டியதில்லை.