தவிட்டுக்குருவிக் குஞ்சைப் பெட்டியில் போடாதீர்கள்

கோடை மழை ஓரிரு முறை பெய்தவுடன் எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு அட்டைப்பெட்டிகள் வரத் தொடங்கிவிடுகின்றன. காங்கேயம், தாராபுரம், பெருந்துறைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இரக்கமுள்ளவர்கள் சுமந்து வரும் அந்தப் பெட்டிகளுக்குள் பெரும்பாலும் இருப்பது, இறகு முளைத்து, வால் மட்டும் இன்னும் நீளாத, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாத தவிட்டுக்குருவிக் குஞ்சுதான். கடந்த வாரம் வந்த குஞ்சுக்கு வழியிலேயே பால் புகட்டியிருந்தார்கள். பால் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிட்டதால் அது அன்று மாலையைத் தாண்டவில்லை. கூட்டிலிருந்து இறங்கிய இடத்திலேயே விட்டிருந்தால் அந்தக் குஞ்சுக்கு மருத்துவரே தேவைப்பட்டிருக்காது.

கொண்டு வருபவர்கள் சொல்லும் காரணங்கள் இரண்டு. "தாய்க்குருவி திரும்பி வரவே இல்லைங்க டாக்டர்" என்பது ஒன்று. "ஏழெட்டுக் குருவிகள் சூழ்ந்துகொண்டு இதைக் கொத்த வந்தன, பிடுங்கிக்கொண்டு வந்தேன்" என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது காரணத்தைக் கேட்கும்போதுதான் எனக்குப் பொறுமை போகிறது. தவிட்டுக்குருவிகள் குழுவாக வாழ்பவை. அந்த ஏழெட்டும் குஞ்சின் எதிரிகள் அல்ல. அதற்கு இரை ஊட்டுபவை. அவை கத்தியது குஞ்சைப் பார்த்து அல்ல, குனிந்து கை நீட்டிய உங்களைப் பார்த்து. பூனையோ பாம்போ வந்தாலும் இதே கூச்சலோடு, இதே போல ஒன்றாகத் திரண்டு எதிர்க்கும். நீங்கள் இருபது முப்பது அடி விலகி, கண்ணில் படாமல் நின்றால் கூச்சல் அடங்கும். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் புழுவும் வெட்டுக்கிளியுமாகக் கொண்டுவந்து குஞ்சின் வாயில் வைப்பதைப் பார்க்கலாம். அவற்றுள் எது தாய் என்று தேடுவதில் பொருளில்லை. தாய் அரை நாள் வராவிட்டாலும் குஞ்சு பட்டினி கிடக்காத ஏற்பாடு அது.

ஒரு இணை முட்டையிட, குழுவின் மற்றப் பறவைகளும் சேர்ந்து குஞ்சு வளர்க்கும் இந்த வழக்கம் உலகப் பறவை இனங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பதில் காணப்படுகிறது. கூட்டில் உதவும் பறவைகளைப் பற்றி பறவையியலாளர் அலெக்சாண்டர் ஸ்கட்ச் 1935இல் எழுதினார். தான் முட்டையிடாமல் பிறர் குஞ்சுக்கு உழைக்கும் குணம் எப்படி அழியாமல் நிலைத்தது என்ற கேள்விக்குப் பரிணாம உயிரியலாளர் ஹாமில்டன் 1964இல் கணக்கோடு விடை தந்தார். உடன்பிறப்பு தன் மரபணுக்களில் சராசரியாகப் பாதியைப் பகிர்வதால், பெற்றோரின் அடுத்த ஈட்டுக் குஞ்சுகளை வளர்ப்பதும் தன் குஞ்சை வளர்ப்பதும் மரபுவழியில் ஒப்பிடத்தக்க பலனைத் தருகின்றன. இந்தப் பறவைகள் தன்னலமின்றி உழைப்பதாகக் கைப்பேசியில் சுற்றும் 'கூட்டுக்குடும்பத் தியாகம்' கதைகளை அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் உறவு மட்டுமே போதாது. தனிக்குடித்தனம் போக இடமில்லாமையும் சேர வேண்டும். சீஷெல்ஸ் நாட்டின் கசின் தீவில் மட்டுமே எஞ்சியிருந்த ஒரு கதிர்க்குருவி இனத்தில், வளர்ந்த பறவைகள் பல பெற்றோருக்கு உதவியாக நின்றிருந்தன. 1988இல் அவற்றுள் 29 பறவைகளை அந்த இனமே இல்லாத, காலி இடம் நிறைந்த ஏரைட் தீவில் விட்டபோது அவை உடனே இணை சேர்ந்து தனித்தனியே குஞ்சு பொரித்தன. நல்ல இடங்கள் நிரம்பிய பிறகே அங்கும் உதவியாளர்கள் தோன்றினர். கசினில் அவை விட்டுச்சென்ற இடங்களையோ மற்றப் பறவைகள் வேகமாகப் பிடித்துக்கொண்டன. நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களைச் சுற்றியுள்ள கிளுவை உயிர்வேலிகளை அகற்றிக் கம்பி வேலி போடுகிறவர்கள், தவிட்டுக்குருவிக்குக் கூடு கட்டப் புதரும் இரை தேடச் சருகும் எங்கே மிஞ்சும் என்றும் யோசிக்கலாம். இது மருத்துவம் சாராத என் ஆதங்கம்.

இந்த வரலாற்றிலிருந்து நடைமுறைக்கு வரும் பாடம் ஒன்று உண்டு. குஞ்சுக்குரிய குழு ஒன்றுதான். அதற்கென்று ஓர் எல்லை இருக்கிறது. தாராபுரத்தில் எடுத்த குஞ்சைக் கோயம்புத்தூரில், "இங்கேயும் தவிட்டுக்குருவிகள் இருக்கின்றனவே" என்று விடுவது, அதை முன்பின் தெரியாதவர்கள் நடுவே விடுவதாகும். எனவே எடுத்தவர்கள் தயவுசெய்து எடுத்த இடத்திலேயே, அருகிலுள்ள புதரின் தாழ்ந்த கிளையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். மனிதக் கை பட்டால் பறவைகள் குஞ்சை ஒதுக்கிவிடும் என்பது பழைய கட்டுக்கதை. இறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்திருந்தால் கூட்டிலேயே திருப்பி வையுங்கள். கூடு சிதைந்திருந்தால் அடியில் துளைகள் உள்ள சிறு கூடையில் காய்ந்த புல் இட்டு அதே மரத்தில் கட்டுங்கள். குழு ஊட்டும் குஞ்சு தவிட்டுக்குருவியைப் போல இல்லாமல் கொண்டையோடு கறுப்பும் வெள்ளையுமாக இருந்தால், அது சுடலைக்குயிலின் குஞ்சாக இருக்கலாம். அதையும் பிரித்து எடுக்க வேண்டாம்; குயில் திருட்டுத்தனமாக இட்ட முட்டையிலிருந்து வந்த குஞ்சையும் இவை வளர்க்கின்றன.

பால், சோறு, தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். பறவையின் மூச்சுத் துளை நாக்கின் வேர்ப்பகுதிக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஊற்றுவது நேராக நுரையீரலுக்குப் போய்விடும். வீட்டில் வளர்க்கலாமா என்று கேட்காதீர்கள்: காட்டுப் பறவையை அடைத்து வைப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், குழுவிலிருந்து பிரிந்து மனிதக் கையில் வளர்ந்த தவிட்டுக்குருவிக்கு எதிரியைக் கண்டால் எந்தக் குரலில் கத்த வேண்டும் என்றுகூடத் தெரியாமல் போகலாம். குஞ்சு தரையில் தத்தும் அந்தச் சில நாட்களுக்கு உங்கள் பூனையை வீட்டுக்குள் வைத்திருங்கள்.

பூனை கவ்விய குஞ்சு, இறக்கை தொங்கும் குஞ்சு, ரத்தம் கசியும் குஞ்சு ஆகியவற்றை மட்டும் தாமதிக்காமல் கொண்டு வாருங்கள். பூனைப் பல் பட்ட காயம் வெளியே தெரியாவிட்டாலும் ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கலாம். வரும்போது எந்தத் தோட்டத்தில், எந்த வேலியோரம் எடுத்தீர்கள் என்று எழுதிக் கொண்டு வாருங்கள். தேறிய குஞ்சை நாங்கள் கொண்டுபோய் விட வேண்டிய இடம் அது ஒன்றுதான்.