பீரோவுக்குள் சிவக்கும் கல்யாணப் படங்கள்

பழைய படங்களை ஸ்கேன் செய்து சீராக்கித் தருவது என் வேலை. தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம் இன்றும் பளிச்சென்று வரும். அதே வீட்டிலிருந்து வரும் 1980-களின் கல்யாண ஆல்பத்தில் பச்சைப் பட்டு பழுப்பாகி, முகமெல்லாம் செங்கல் நிறமாகியிருக்கும். "வெயிலே படாம பீரோவுலதானே வெச்சிருந்தோம்?" என்று வருத்தத்தோடு கேட்பார்கள்.

கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளித் துகள்களால் ஆனது. கலர் பிரிண்டில் இருப்பவை சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் என்ற மூன்று சாயங்கள். அந்தக் காலத்துப் பேப்பரில் சயான் இருட்டிலும்கூட மெல்ல மங்கிவிடும். அது போனால் மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து மிஞ்சுவது சிவப்புதான். சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம்.

கலர் படத்தைக் கலையாக ஏற்க அருங்காட்சியகங்கள் தயங்கியதற்கு இந்தச் சாயம் மங்குவதும் ஒரு காரணம். கோடக் நிறுவனத்தின் கோடக்ரோம் என்ற கலர் ஃபிலிம் 1935-லேயே வந்துவிட்டது. ஆனால் கலர் என்றால் விளம்பரம், பத்திரிகை, வீட்டு ஆல்பம் என்றே பலர் நினைத்தார்கள். வாக்கர் எவன்ஸ் போன்ற பெரிய புகைப்படக் கலைஞரே கலரைக் கொச்சை என்றார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1962-ல் எர்ன்ஸ்ட் ஹாஸின் கலர் படங்களைக் காட்டியது. ஆனாலும் பெரிய சண்டை வெடித்தது 1976-ல், அங்கே புகைப்படப் பிரிவின் பொறுப்பிலிருந்த ஜான் சார்கோவ்ஸ்கி, அமெரிக்கப் புகைப்படக்காரர் வில்லியம் எகில்ஸ்டனின் கலர் படங்களை மாட்டியபோதுதான். மூன்று சக்கரக் குழந்தை சைக்கிள் மாதிரியான அன்றாட விஷயங்கள் அவை. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஹில்டன் கிராமர் கடுமையாகத் தாக்கி எழுதினார். எனக்கோ இன்றும் அந்த சைக்கிளைத் தாண்டிப் போக மனம் வராது.

எகில்ஸ்டன் தன் படங்களை எப்படி அச்சிட்டார் என்பதுதான் என் தொழிலுக்குப் பாடம். சிகாகோ லேப் ஒன்றின் விலைப்பட்டியலில் உச்சத்தில் இருந்த டை டிரான்ஸ்ஃபர் முறையை அவர் பிடித்துக்கொண்டார். மூன்று ஜெலட்டின் அச்சுகளில் சாயம் ஏற்றி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக, இம்மி பிசகாமல் ஒற்றி எடுக்க வேண்டும். நிறத்தின் அடர்த்தியை அச்சிடுபவரே தீர்மானிக்கலாம். இருட்டில் வைத்தால் அந்தச் சாயம் நெடுங்காலம் நிற்கும். மிசிசிப்பி மாநிலம் கிரீன்வுட்டில் 1973-ல் அவர் எடுத்த உள்கூரைப் படத்தின் சிவப்பு, அவர் வேண்டுமென்றே கொண்டுவந்தது. நம் ஆல்பத்தின் சிவப்பு, மற்ற நிறம் செத்ததால் வந்தது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் நெகட்டிவ்களைத் தேடுங்கள். பிரிண்ட் கெட்டிருந்தாலும் நெகட்டிவில் பல சமயம் நிறம் மிச்சமிருக்கிறது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு ஆல்பத்தை மட்டும் கொண்டுவருபவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். பசை ஒட்டிய பக்கங்களில் இருக்கும் படங்களைப் பிய்க்காதீர்கள், அப்படியே ஸ்கேன் செய்யலாம். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் விழும் சுவரில் அசலை மாட்டாமல் நகலை மாட்டுங்கள். மொட்டை மாடியை ஒட்டிய சூடான பரண் ஆல்பத்துக்கு ஆகாது. அப்புறம், கோடக்ரோம் ஸ்லைடு இருந்தால் ஒரு விஷயம்: இருட்டில் அது அருமையாக நிற்கும், புரொஜெக்டர் வெளிச்சத்தில்தான் வேகமாக மங்கும். ஒரு தடவை ஸ்கேன் செய்துவிட்டு, பெட்டியை மூடி வையுங்கள்.