பொருளாதாரத் தடை: சொல் எங்கிருந்து வந்தது, எங்கே பொருந்தும்?

கடன் 'சாங்ஷன்' ஆகிவிட்டது என்றால் வீட்டில் மகிழ்ச்சி. ஒரு நாட்டின் மீது 'சாங்ஷன்' வந்துவிட்டது என்றால் அந்த நாட்டு வங்கிகளுக்கே சிக்கல். ஒரே ஆங்கிலச் சொல் ஓரிடத்தில் ஒப்புதலாகவும் இன்னோரிடத்தில் தண்டனையாகவும் நிற்கிறது. தமிழில் இந்தத் தொல்லை இல்லை. முதல் பொருளுக்கு அரசு அலுவலகங்களில் 'ஒப்பளிப்பு' என்கிறார்கள். இரண்டாவதற்குச் செய்தித்தாள்களில் 'பொருளாதாரத் தடை' நிலைத்துவிட்டது. ஆனால் நம்மிடம் வேறொரு குழப்பம் உண்டு. வணிகத் தடை, சொத்து முடக்கம், விலை வரம்பு, துறைமுக முற்றுகை, நிறுவனங்கள் தாமாகக் கிளம்பிப் போவது என எல்லாவற்றையும் அந்த ஒரே சொல்லுக்குள் திணித்துவிடுகிறோம். ரஷ்யா உக்ரைன் போர் பற்றிய செய்திகளைத் தமிழில் படிக்கும்போது இது நன்றாகவே தெரிகிறது.

முதலில் ஆங்கிலச் சொல்லின் வேர். லத்தீனில் 'சாங்கீரே' என்றால் ஒன்றைப் புனிதமாக்குதல், மீறக்கூடாததாக்குதல். 'புனிதமான' என்று பொருள்படும் 'சாங்டஸ்' என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். ரோமானியச் சட்டத்தில் 'சாங்டியோ' என்பது, இந்தச் சட்டத்தை மீறினால் என்ன தண்டனை என்று சொல்லும் பகுதி. சட்டத்தை மீற முடியாததாக்குவது அந்தத் தண்டனைப் பகுதிதானே. சட்டத்துக்கு வலு தருவதும் மீறியவரைத் தண்டிப்பதும் அங்கே ஒன்றாக இருந்தன. பிற்காலத்தில் இரண்டு பொருளாகப் பிரிந்தன. 1713 இல் ஹாப்ஸ்பர்க் பேரரசர் ஆறாம் சார்லஸ், தன் நாடுகள் மகளுக்கும் போகலாம் என்று பிறப்பித்த ஆணையின் பெயர் 'பிரக்மாடிக் சாங்ஷன்'. அங்கே அது வெறும் அரசாணை.

ஒரு நாட்டைத் தண்டிக்கும் கருவி என்ற பொருள் வலுப்பட்டது முதல் உலகப்போருக்குப் பிறகு. ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் உடன்படிக்கை, 16 ஆம் பிரிவில், போர் தொடுக்கும் நாட்டோடு மற்ற நாடுகள் வணிகத்தையும் பணத் தொடர்பையும் அறுத்துக்கொள்ள வேண்டும் என்றது. அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் 1919 இல் இதை அமைதியான, ஓசையற்ற, உயிரெடுக்கும் மருந்து என்ற பொருளில் புகழ்ந்தார். இது இருந்தால் படைபலம் தேவைப்படாது என்பது அவர் நம்பிக்கை.

1935 அக்டோபரில் முசோலினியின் இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. சங்கம் நவம்பரில் தடை விதித்தது. ஆனால் எண்ணெய்யைப் பட்டியலில் சேர்க்கவில்லை. சூயஸ் கால்வாயையும் மூடவில்லை. டாங்கியும் லாரியும் ஓடுவதற்கு வேண்டியதை விட்டுவிட்டு மற்றதைத் தடுத்தால் என்ன ஆகும்? 1936 மே மாதம் அடிஸ் அபாபா விழுந்தது. ஜூலையில் தடையும் விலக்கப்பட்டது. எண்ணெய்யை உண்மையிலேயே நிறுத்தினால் என்ன நடக்கும் என்பது 1941 இல் தெரிந்தது. அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கி எண்ணெய்யையும் நிறுத்தியது. ஜப்பான் பின்வாங்கவில்லை, அந்த ஆண்டு டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது.

ஒரு வேடிக்கை. ஐ.நா. சாசனத்தின் 41 ஆம் பிரிவுதான் இன்றைய ஐ.நா. தடைகளுக்கெல்லாம் அடிப்படை. ஆனால் அந்தப் பிரிவில் 'சாங்ஷன்' என்ற சொல்லே கிடையாது. பொருளாதார உறவு, ரயில், கடல், வான், தபால், தந்தி, வானொலித் தொடர்புகளை முழுமையாகவோ பகுதியாகவோ நிறுத்துவது என்று விவரிப்பதோடு சரி. ஐரோப்பிய ஒன்றியம் தன் சட்ட ஆவணங்களில் 'கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள்' என்று எழுதுகிறது. அதே விஷயத்தை ரஷ்யா, சீனா, ஈரான் போன்ற நாடுகள் ஐ.நா. அரங்கில் 'ஒருதலையான வற்புறுத்தல் நடவடிக்கைகள்' என்கின்றன. கியூபாவுக்கு எதிராக 1962 முதல் இருப்பதை அமெரிக்கா வணிகத் தடை என்கிறது. கியூபர்கள் 'புளோக்கேயோ', அதாவது முற்றுகை என்கிறார்கள். விதிப்பவர் ஒரு பெயர் வைக்கிறார், வாங்கிக்கட்டிக்கொள்பவர் வேறு பெயர் வைக்கிறார். தமிழில் எழுதுகிறவர் யாருடைய பெயரைப் பெயர்க்கிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

முற்றுகைக்கும் தடைக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தப் போரிலேயே அருகருகே பார்க்கலாம். முற்றுதல் என்றால் சூழ்ந்துகொள்ளுதல். கோட்டையைச் சூழ்ந்து நின்ற படைக்கான பழைய சொல். 2022 பிப்ரவரி 24 இல் படையெடுப்பு தொடங்கியதும் ரஷ்யப் போர்க்கப்பல்கள் கருங்கடலில் நின்றன. ஒடேசா வழியாகக் கோதுமையும் சோளமும் வெளியே போக முடியவில்லை. அது முற்றுகை, அதாவது போர்ச் செயல். ஐ.நா.வும் துருக்கியும் இடைநின்று அந்த ஆண்டு ஜூலையில் தானிய ஒப்பந்தம் கொண்டுவந்தன. 2023 ஜூலையில் ரஷ்யா அதிலிருந்து விலகியது. மேற்கு நாடுகள் ரஷ்யாவின் மீது போட்டதோ சட்டத்தால் வந்த தடை. எந்தப் போர்க்கப்பலும் ரஷ்யத் துறைமுகத்தை மறித்து நிற்கவில்லை. வங்கி அலுவலரும் காப்பீட்டு நிறுவனமும்தான் மறித்தார்கள்.

மக்டொனால்ட்ஸ் ரஷ்யாவைவிட்டுப் போனது இந்த இரண்டிலும் சேராது. எந்த அரசும் அதற்கு உத்தரவு போடவில்லை. நிறுவனமே கடைகளை விற்றுவிட்டுக் கிளம்பியது. வாங்கியவர் 2022 ஜூனில் 'ருசி, அவ்வளவுதான்' என்று பொருள்படும் ரஷ்யப் பெயரில் அதே கடைகளைத் திறந்தார். இதைத் 'தடையால் மூடப்பட்டது' என்று எழுதினால் தவறு. 'வெளியேற்றம்' என்றால் யாரோ வெளியேற்றினார்கள் என்றாகிவிடும். 'வெளியேறியது' என்று வினையாகவே எழுதிவிடலாம். 'பாய்காட்' என்பதும் வேறு. 1880 இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் குத்தகைக்காரர்கள் சேர்ந்து ஒதுக்கிவைத்த நிலமேலாளர் கேப்டன் சார்லஸ் பாய்காட்டின் பெயர் அது. மக்கள் தாமாகச் செய்வது என்பதால் தமிழில் அன்று பகிஷ்காரம் என்றார்கள், இன்று புறக்கணிப்பு என்கிறோம். இதில் சிக்கல் ஒன்றும் இல்லை.

சிக்கல் தடைக்குள்தான் இருக்கிறது.

போர் தொடங்கிய சில நாட்களிலேயே ரஷ்ய மத்திய வங்கி வெளிநாடுகளில் வைத்திருந்த ஏறத்தாழ 300 பில்லியன் டாலர் இருப்பைத் தொட முடியாதபடி செய்தார்கள். அதில் பெரும்பகுதி பிரஸ்ஸல்ஸில் உள்ள யூரோகிளியர் என்ற நிறுவனத்தின் கணக்கில் இருந்தது. நம் செய்திகள் சிலவற்றில் இது 'பறிமுதல்' என்று வந்தது. பறிமுதல் என்றால் உடைமை கைமாற வேண்டும்; இங்கே பணம் ரஷ்யாவின் பெயரில்தான் இருந்தது, எடுக்கத்தான் முடியாது. இதற்கு 'முடக்கம்' என்ற சொல் கச்சிதம். இந்த வித்தியாசம் வெறும் சொல் விளையாட்டு அல்ல. 2024 இல் ஜி7 என்னும் ஏழு பணக்கார நாடுகள் உக்ரைனுக்கு 50 பில்லியன் டாலர் கடன் தர முடிவெடுத்தபோது, அசலைத் தொடாமல் முடங்கிய பணத்திலிருந்து வரும் வருமானத்தைக் கொண்டு அதை அடைப்பது என்றுதான் ஏற்பாடு செய்தன. அசலையே எடுக்கலாமா என்பதுதான் ஐரோப்பாவில் பெரிய விவாதமாகிப்போனது. முடக்கம், பறிமுதல் இரண்டையும் கலந்து எழுதினால் அந்த விவாதமே வாசகருக்குப் புரியாது.

எண்ணெய்யில் இன்னும் சுவாரசியம். 2022 டிசம்பர் 5 முதல் ஜி7, ஐரோப்பிய ஒன்றியம், ஆஸ்திரேலியா சேர்ந்து, கடல்வழி போகும் ரஷ்யக் கச்சா எண்ணெய்க்கு பீப்பாய் 60 டாலர் என்று வரம்பு வைத்தன. அந்த விலைக்குள் விற்றால் மேற்கு நாட்டுக் கப்பலும் காப்பீடும் கிடைக்கும், மீறினால் கிடைக்காது. உலகக் கப்பல் காப்பீட்டில் பெரும்பகுதி அந்த நாடுகளின் கையில் இருப்பதால் வந்த தைரியம் அது. எண்ணெய் சந்தைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும், மாஸ்கோவுக்குப் போகும் பணம் மட்டும் குறைய வேண்டும் என்பது நோக்கம். ஆக, இதைத் தடை என்பதே பொருந்தாது. விலை உச்சவரம்பு என்று எழுதலாம். ரஷ்யா பழைய டாங்கர்களை வாங்கி, உடைமையாளர் பெயரை மறைத்து, வேறு கொடியில் ஓட்டத் தொடங்கியது. அந்தக் கப்பல்களுக்கு 'நிழல் கப்பற்படை' என்று பெயர் விழுந்தது. படை என்றதும் போர்க்கப்பல் நினைவுக்கு வருவதால் 'நிழல் கப்பல்கள்' போதும் என்பேன். இப்படி நழுவுவதற்குத் 'தடை ஏய்ப்பு'. வரி ஏய்ப்பு ஏற்கெனவே நம்மிடம் இருப்பதால் விளக்கமே வேண்டாம்.

விளைவுகளுக்கு வருவோம். 2022 பிப்ரவரி 28 இல் ரஷ்ய மத்திய வங்கி வட்டியை 9.5 சதவீதத்திலிருந்து ஒரே அடியாக 20 சதவீதமாக்கியது. மார்ச்சில் ஒரு டாலருக்கு 120 ரூபிளைத் தாண்டியது. ஜூனில் 60 க்கும் கீழே வந்து, போருக்கு முன்பிருந்ததைவிட ரூபிள் வலுவானது. 'தடை தோற்றுவிட்டது' என்று பலர் எழுதினார்கள். ரூபிள் ஏறியதன் காரணம் வேறு. எண்ணெய், எரிவாயுப் பணம் வந்துகொண்டிருந்தது; அந்த டாலரைச் செலவழித்து இறக்குமதி செய்ய வழியில்லை; பணத்தை வெளியே கொண்டுபோகவும் கட்டுப்பாடு. அதே ஜூனில் ரஷ்யாவின் லாடா கிரான்டா கார் ஏர்பேக் இல்லாமல், ஏபிஎஸ் பிரேக் இல்லாமல் தொழிற்சாலையிலிருந்து வந்தது, வெளிநாட்டு உதிரிபாகம் கிடைக்காததால். நாணய மாற்று விகிதத்தைவிட அந்தக் கார்தான் நிலைமையைச் சரியாகச் சொன்னது. அப்புறம் ராணுவச் செலவில் பொருளாதாரம் வளர்ந்தது; விலைவாசியும் ஏறியது; 2024 அக்டோபரில் வட்டி 21 சதவீதமானது.

ரஷ்யர்கள் இதிலிருந்து ஒரு சொல்லையும் செய்துகொண்டார்கள்: 'சங்ட்ஸியோன்கா'. 2014 இல் கிரைமியாவைக் கைப்பற்றியதற்காக மேற்கு நாடுகள் தடை போட்டபோது, ரஷ்யா பதிலுக்கு அந்த நாடுகளின் பாலாடைக்கட்டி, இறைச்சி, பழம் எல்லாம் உள்ளே வரக்கூடாது என்றது. கள்ளத்தனமாக வந்த உணவுப் பொருளுக்கு இந்தச் செல்லப்பெயர். 2015 ஆகஸ்டில் அரசே அந்தப் பாலாடைக்கட்டியை புல்டோசர் ஏற்றி நசுக்கியது. தன் மக்களின் உணவுத் தட்டின் மீது தானே போட்ட தடை இது. தமிழில் 'பதில் தடை' அல்லது 'எதிர்த்தடை'.

தமிழுக்கு வருவோம். தடை, 'தடு' என்ற வினையிலிருந்து வந்தது. பொருளாதாரத் தடை என்று ஒற்று மிகும். 'பொருளாதார தடை' என்று தட்டச்சு செய்வது பழக்கமாகிவிட்டது. ஈழத்தமிழ் எழுத்தில் 'பொருண்மியத் தடை' என்றும் வரும். யாழ்ப்பாணத்தில் இது செய்திச் சொல் அல்ல, அன்றாடச் சொல். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு பெட்ரோல், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் போகாதபடி இலங்கை அரசு தடுத்தது. மோட்டார் சைக்கிளைத் துளி பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்யில் ஓட்டினார்கள். ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டார்கள். 2002 போர்நிறுத்தக் காலத்தில் பெருமளவு விலகிய அந்தத் தடை, ஓர் அரசு தன் நாட்டின் ஒரு பகுதிக்கே போட்டது. சட்ட மொழியில் அதை 'சாங்ஷன்' என்று சொல்ல மாட்டார்கள். பெயர் ஒன்றானாலும் வகை வேறு.

தடை என்ற சொல்லில் தண்டனை தெரியவில்லை என்பது என் குறை. நோய்க்காக மாட்டு இறைச்சி இறக்குமதியை நிறுத்தினாலும் தடைதான், படையெடுத்ததற்காக வங்கியைத் துண்டித்தாலும் தடைதான். தண்டிப்பதற்குத் தமிழில் நல்ல பழைய சொல் 'ஒறுத்தல்'. 'இன்னாசெய் தாரை ஒறுத்தல்' என்ற குறளில் இருப்பது அது. அதே சொல்லுக்கு, வேண்டியதை விட்டுத் தன்னை வருத்திக்கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு. கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் ஒறுத்தல் என்பது இந்தப் பொருளில்தான். இரண்டும் இங்கே பொருந்துகின்றன. தடை விதித்தவரும் எதையோ விடத்தான் வேண்டும். 2022 செப்டம்பரில் ரஷ்யா நார்ட் ஸ்ட்ரீம் குழாயை மூடியபோது ஜெர்மனி மலிவு எரிவாயுவை மறக்க வேண்டியிருந்தது.

அதற்காகப் பொருளாதாரத் தடையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. எல்லோருக்கும் புரிகிற சொல்லை விடுவது மடமை. தலைப்பிலும் பேச்சிலும் அது இருக்கட்டும். சட்டம், பொருளாதாரம் பற்றி விரிவாக எழுதும்போது மொத்த ஏற்பாட்டுக்கு 'ஒறுப்பு நடவடிக்கை' என்றும், உள்ளே ஒவ்வொன்றுக்கும் ஏற்றுமதித் தடை, சொத்து முடக்கம், பயணத் தடை, விலை வரம்பு என்றும் பிரித்து எழுதலாம். தடைக்குள்ளான நாட்டோடு வணிகம் செய்யும் மூன்றாவது நாட்டைக் குறிவைப்பதற்கு 'இரண்டாம் நிலைத் தடை' வழக்கில் இருக்கிறது, போதும்.

2025 ஆகஸ்டில் ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காக இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா கூடுதலாக 25 சதவீத இறக்குமதி வரி போட்டதைச் சிலர் பொருளாதாரத் தடை என்றார்கள். பொருள் போகலாம், கூடுதலாகக் காசு கட்டிவிட்டு. அது தண்ட வரி. அக்டோபரில் ரோஸ்நெஃப்ட், லூக்கோயில் என்ற ரஷ்ய எண்ணெய் நிறுவனங்களை அமெரிக்கா தன் தடைப் பட்டியலில் சேர்த்ததுதான் தடை: அவற்றோடு கணக்கு வைத்தால் டாலர் வழியே அடைபடலாம் என்பதால், வாங்குகிறவர்கள் சரக்கை விற்பவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டியதாயிற்று.