இணைவு: அஃபிலியேஷனுக்குத் தமிழ்

கல்லூரியின் பெயர்ப்பலகையில் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'இன்ன பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றது'. கல்லூரி அலுவலகத்தில் இதையே அஃபிலியேஷன் என்பார்கள்.

லத்தீன் மொழியில் 'ஃபிலியுஸ்' என்றால் மகன். அதிலிருந்து வந்த வினைக்கு, மகனாக ஏற்றுக்கொள்வது என்று பொருள். அதாவது தத்தெடுப்பு. பிறகுதான் ஓர் அமைப்பு இன்னோர் அமைப்பைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதற்கும் இந்தச் சொல் வழங்கலாயிற்று.

கல்லூரி விஷயத்தில் இது நன்றாகவே பொருந்துகிறது. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு உருவானபோது, பாடம் நடத்தும் வேலை அதற்கு இல்லை. பாடம் நடத்தியவை கல்லூரிகள். தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம். கல்லூரிக்குத் தனி நிர்வாகம், தனிச் சொத்து உண்டு. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்.

அதனால்தான் 'இணைப்பு' என்பதைவிட 'இணைவு' என்பதே சரி என்பேன். இணைப்பு என்றால் இரண்டும் ஒன்றாகிவிட்டதுபோலத் தோன்றும். வங்கிகளை இணைத்தார்கள் என்கிறோமே, அப்படி. இணைவில் கல்லூரி கல்லூரியாகவே இருக்கும். அங்கீகாரம் என்பதும் வேறு. பொறியியல் கல்லூரிக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தருவது அங்கீகாரம், பல்கலைக்கழகம் தருவது இணைவு. பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிற்கால வரலாற்றைப் பார்த்தால், அது பெரும்பாலும் இந்த இணைவு கைமாறிய கதைதான். 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததும் தென்மாவட்டக் கல்லூரிகள் அங்கே போயின. 1978-ல் கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கையும் சேர்த்து அண்ணா பல்கலைக்கழகம் பிறந்தது. இவை இணைவு பெற்றவை அல்ல, பல்கலைக்கழகத்தின் அங்கமே. இப்படிப்பட்டவற்றை உறுப்புக் கல்லூரிகள் என்கிறோம்.

1982-ல் கோவையில் பாரதியார், திருச்சியில் பாரதிதாசன் என்று இரண்டு பல்கலைக்கழகங்கள் வந்தன. இரண்டு ஊர்களிலும் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திவந்த முதுநிலை மையங்களே அவற்றுக்கு அடித்தளம். கோவையில் ஒரே கல்லூரியில் படித்த அண்ணன் தம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளில் முடித்த அண்ணனின் பட்டச் சான்றிதழில் சென்னைப் பல்கலைக்கழகம் என்றிருக்கும்; எண்பதுகளின் கடைசியில் முடித்த தம்பிக்குப் பாரதியார் பல்கலைக்கழகம். வகுப்பறை அதே வகுப்பறைதான், வாத்தியார்கூட அதே வாத்தியாராக இருந்திருக்கலாம். சேலம் பக்கத்துக் கல்லூரிகள் 1997-ல் பெரியார் பல்கலைக்கழகம் வரும்வரை சென்னையோடுதான் இருந்தன.

அப்புறம், தன்னாட்சி. அட்டானமஸ் என்ற ஆங்கிலச் சொல் கிரேக்க வழி வந்தது: 'ஆட்டோ' என்றால் தான், 'நோமோஸ்' என்றால் சட்டம். கோத்தாரி கல்விக் குழு அறுபதுகளில் பரிந்துரைத்த இந்த ஏற்பாடு 1978-ல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை அந்த முதல் வரிசையில் இருந்தன. பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துத் தேர்வையும் தாங்களே நடத்திக்கொள்ளலாம். ஆனால் தன்னாட்சி வந்ததால் இணைவு போய்விடாது. பட்டம் வழங்குவது இன்றும் பல்கலைக்கழகம்தான்.